தன்னார்வலரா, செவிலியரா, இருவருமா? வடக்குக் கானாவில் குடும்ப நலத்துக்கான தெரிவுகள்

ஒரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கையிலிருக்கும் பணம் ஒரேயொரு புதிய முயற்சிக்குத்தான் போதும் என்ற நிலையில், அதைக் கிராமத்துத் தன்னார்வலர்களுக்குச் செலவிடுவதா, பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமத்திலேயே குடியமர்த்தச் செலவிடுவதா என்பது மேற்கு ஆப்பிரிக்காவில் நெடுநாளாக விவாதிக்கப்பட்டுவரும் கேள்வி. பல இடங்களில் இதற்கான விடையை நிதி தருபவர்களின் விருப்பமும் அந்தந்தக் காலத்து நம்பிக்கைகளுமே தீர்மானித்திருக்கின்றன. கானா நாடு இந்தக் கேள்வியை 1990களில் ஒரு மாவட்டத்தையே களமாக வைத்துச் சோதித்துப் பார்த்தது. அச்சோதனையின் முடிவுகள் தெளிவானவை. ஆனால் அவை கருவளத்துக்கு, அதாவது ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி எண்ணிக்கைக்கு, ஒரு விடையும் குழந்தை நலத்துக்கு வேறொரு விடையும் தருகின்றன என்பதால், அவற்றை அவசரமாகப் படித்தவர்கள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

1988ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, கானாவில் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக 6.4 குழந்தைகளைப் பெற்றார். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 155 குழந்தைகள் ஐந்து வயதை எட்டும் முன்பே இறந்தன. இத்தனைக்கும் கானா 1969ஆம் ஆண்டிலேயே மக்கள்தொகைக் கொள்கை ஒன்றை வகுத்திருந்தது. சகாராவுக்குத் தெற்கே அவ்வாறு முந்திக்கொண்ட நாடுகள் மிகச் சிலவே. கொள்கை தலைநகர் அக்ராவில் இருந்தது; வடக்கே பர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய வறண்ட சவன்னா நிலத்தில் வாழ்ந்த பெண்ணுக்கும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் இடையே பல கிலோமீட்டர் நடை இருந்தது. ஆண்டுக்கு ஒரு மழைக்காலம் மட்டுமே உள்ள அந்தப் பகுதியில், உழவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில்தான் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளைத் தாக்கின. அதாவது, தாய்க்கு ஒரு நாளைக்கூட ஒதுக்க முடியாத காலமே குழந்தைக்கு மிக ஆபத்தான காலமாகவும் இருந்தது.

அந்நிலத்திலுள்ள நவ்ரோங்கோ என்ற ஊரில் 1980களின் இறுதியில் வைட்டமின் ஏ பற்றிய பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுத்தால் குழந்தை இறப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. அதன் தொடர்ச்சியாக உருவான நவ்ரோங்கோ சுகாதார ஆய்வு மையம், மருத்துவர் ஃபிரெட் பின்காவின் தலைமையில், மருந்தூட்டிய கொசுவலைகளின் பயனையும் நிறுவியது. இந்த ஆய்வுகளுக்காக, நவ்ரோங்கோ அமைந்த கசேனா-நன்கானா மாவட்டத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கெடுப்பாளர்கள் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை சென்று பிறப்பு, இறப்பு, திருமணம், இடப்பெயர்வு ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். இப்படியொரு பதிவேடு இல்லாத இடத்தில் எந்தத் திட்டம் பலித்தது, எது பலிக்கவில்லை என்று யாரும் துணிந்து சொல்ல முடியாது. மக்கள்தொகைக் கழகம் (Population Council) என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிலிப்ஸ் வங்கதேசத்தின் மாட்லாபில் 1970களில் தொடங்கிய குடும்ப நலச் சோதனையில் பணியாற்றிய அனுபவம் உள்ளவர். அந்த அனுபவமும் இங்கே வந்து சேர்ந்தது. 1994இல் மூன்று கிராமங்களில் மக்களைக் கலந்து பேசித் திட்டம் வகுக்கப்பட்டது. 1996இலிருந்து மாவட்டம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது: ஒன்றில் தன்னார்வலர்களும் ஊர்க்குழுக்களும், ஒன்றில் கிராமத்தில் குடியமர்ந்த செவிலியர், ஒன்றில் இவை இரண்டும், ஒன்றில் வழக்கமான சுகாதார நிலையங்கள் மட்டும்.

வழக்கமான ஏற்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார நிலையத்தில் செவிலியர் இருந்தார், மருந்தும் ஓரளவு இருந்தது, நோயாளிகள்தான் குறைவாக வந்தார்கள். இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற சமூகச் செவிலியர்கள் பலர் நாளின் பெரும்பகுதியை வேலையின்றிக் கழித்தார்கள். அரசு ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த ஊழியரின் திறமை வீணானது என்பதே இந்த ஏற்பாட்டின் மீதான என் முதன்மைக் குறை. செலவில்லாத தெரிவு என்று சிலர் இதைக் கருதுவது தவறு.

தன்னார்வலர் வழிக்கு அந்தக் காலத்தில் பெரும் ஆதரவு இருந்தது. 1987இல் மாலியின் தலைநகரில் ஆப்பிரிக்கச் சுகாதார அமைச்சர்கள் கூடி எடுத்த பமாக்கோ முடிவு, அடிப்படை மருந்துகளை விற்று வரும் பணத்தைக் கொண்டே மீண்டும் மருந்து வாங்கி, ஊர் மக்களே நிர்வகிக்கும் சுகாதாரச் சேவையை முன்வைத்தது. நவ்ரோங்கோவில் இம்முறை உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஊர்த் தலைவரும் பெரியவர்களும் சேர்ந்து குழு அமைத்தார்கள். அக்குழு தன்னார்வலரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்குச் சில வாரப் பயிற்சியும் சாதாரண மருந்துகள் கொண்ட பெட்டியும் சைக்கிளும் கிடைத்தன. சம்பளம் இல்லை என்பதால் அரசுக்குச் சுமை குறைவு. ஊர்க்காரர் என்பதால் மொழியும் உறவும் தடையில்லை. ஆண்களிடம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச, வெளியூரிலிருந்து வந்த இளம் செவிலியரைவிட அதே ஊர் ஆண் ஒருவருக்கு வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு நன்மைகள் இருந்தும், தன்னார்வலர் மட்டும் இருந்த பகுதியில் குழந்தை இறப்பு குறையவில்லை. இந்த முடிவு பலருக்குக் கசப்பாக இருந்தது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நிமோனியா கண்ட குழந்தையின் மூச்சை எண்ணிப் பார்த்து, உரிய நுண்ணுயிர்க்கொல்லியை உரிய அளவில் கொடுக்கத் தெரியாதவரிடம் காய்ச்சல் மாத்திரை மட்டும் இருந்தால், அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது ஆறுதல்தான், சிகிச்சை அன்று. பக்கத்து வீட்டிலேயே மருந்துப்பெட்டி இருக்கும்போது தாய் முதலில் அங்கேதான் போவார். அங்கே ஒரு நாள், இரண்டு நாள் கழிந்தபின் சுகாதார நிலையத்துக்குப் புறப்படுவதற்குள் நிலைமை கைமீறிப் போயிருக்கக்கூடும். இது என் ஊகமே என்றாலும், நோயின் முதல் இரண்டு நாட்கள் எவ்வளவு முக்கியமானவை என்று அறிந்த எவருக்கும் இது எட்டக்கூடியதுதான். ஊதியமில்லாமல் உழைப்பவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்காததை அவரிடம் எதிர்பார்த்த திட்டத்தின் மீதுதான் குறை.

செவிலியரைக் குடியமர்த்திய பகுதிகளில் நடந்தது வேறு. ஊர் மக்கள் தம் உழைப்பைக் கொடுத்து மண்சுவர் எழுப்பி, செவிலியர் தங்குவதற்கும் மருந்து கொடுப்பதற்குமான வீட்டைக் கட்டினார்கள். செவிலியர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கு வீடு வீடாகச் சென்றார். அங்கே ஒரு குடியிருப்பு என்பது வட்டவடிவ மண்குடிசைகள் பல சேர்ந்த ஒரு வளாகம்; தலைமைக் கிழவர், அவருடைய தம்பிமார், மகன்கள், அவரவர் மனைவியர் என ஒரு கூட்டுக் குடும்பமே அதில் வாழும். செவிலியர் வந்ததும் முதலில் குடும்பத் தலைவரைக் கண்டு வணக்கம் சொல்லி உட்கார வேண்டும்; அதன் பிறகே பெண்களிடம் போகலாம். மரக்கிளையில் தொங்குதராசைக் கட்டி, துணித்தொட்டிலில் குழந்தையை வைத்து எடை பார்த்து, அட்டையில் குறித்து, தடுப்பூசி விடுபட்டிருந்தால் போட்டு, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுக்கும் முறையைக் காட்டி, காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மலேரியா மருந்தைத் தம் கையாலேயே முதல் வேளை புகட்டுவார். இரவில் கதவைத் தட்டினாலும் அவர் இருப்பார் என்பதுதான் பழைய ஏற்பாட்டுக்கும் இதற்கும் இருந்த மிகப் பெரிய வேறுபாடு.

இந்தப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு கணிசமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, புதிய ஊழியர் எவரும் உருவாக்கப்படவில்லை. ஏற்கெனவே சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த செவிலியரின் இருப்பிடம் மாறியது, அவ்வளவுதான். குழந்தைகளின் உயிரைக் காப்பது மட்டுமே நோக்கம் என்றால், தெரிவு இத்துடன் முடிந்துவிடுகிறது. செவிலியரைக் கிராமத்துக்கு அனுப்ப வேண்டும்.

கருவளத்தைப் பொறுத்தவரை செவிலியர் மட்டும் போதவில்லை. அதற்கான காரணத்தை மருந்துப் பெட்டியில் தேடிப் பயனில்லை, திருமண ஒப்பந்தத்தில் தேட வேண்டும். கசேனா-நன்கானா சமூகங்கள் தந்தைவழிச் சமூகங்கள். மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குப் பரிசமாக மாடுகளைக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்த பிறகு அந்தப் பெண் பெறும் குழந்தைகள் மீதான உரிமை கணவனுக்கும் அவன் வம்சத்துக்கும் உரியது என்று கருதப்படுகிறது. எத்தனை குழந்தைகள் என்பது கணவன், அவன் தந்தை, குறி சொல்பவர், அவர் வழியாகப் பேசும் முன்னோர் ஆகிய அனைவருக்கும் பங்குள்ள விஷயம். 1990களில் அங்கே நடந்த ஆய்வுகளில் ஆண்கள் தம் அச்சத்தை ஒளிக்காமல் சொன்னார்கள்: கருத்தடை செய்துகொண்ட மனைவி வேறு ஆணிடம் போகலாம், தன் சொல்லைக் கேட்காமல் போகலாம். பெண்களும் தம் அச்சத்தைச் சொன்னார்கள்: தெரிந்துவிட்டால் அடி விழும், தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சக்களத்தியின் கை ஓங்கும்.

இந்தச் சூழலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியைப் பெண்கள் பெரிதும் விரும்பியது வியப்பில்லை. மாத்திரையை ஒளித்து வைக்க இடம் வேண்டும், ஆணுறைக்குக் கணவனின் சம்மதம் வேண்டும். ஊசிக்கு இரண்டும் வேண்டாம். குழந்தைக்கு எடை பார்க்க வந்த இடத்தில் தாய் ஊசியும் போட்டுக்கொண்டு திரும்பலாம். ஊசி அட்டையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்படி செவிலியரைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த மறைவு பல பெண்களுக்கு ஒரே வழியாக இருந்தது; அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மறைவில் நடக்கும் ஒன்று ஓரளவுக்கு மேல் பரவாது. ஊசியால் மாதவிடாய் தாறுமாறாகும்போது கணவனுக்குச் சந்தேகம் வரும். ஊசியை நிறுத்திய பின் மீண்டும் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகும்போது, மருந்து மலடாக்கிவிட்டது என்ற பேச்சு ஊர் முழுவதும் பரவும். அந்தப் பேச்சுக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லும் இடத்தில் யாரும் இல்லை.

செவிலியரும் தன்னார்வலரும் சேர்ந்து இயங்கிய பகுதியில் அந்த இடம் உருவானது. ஊர்த் தலைவர் கூட்டும் தர்பார் என்ற பொதுக்கூட்டத்தில், மேளமும் ஆட்டமும் நடந்த பிறகு, செவிலியரும் திட்ட ஊழியர்களும் குழந்தை நலத்தோடு சேர்த்துப் பிள்ளைப்பேற்று இடைவெளியைப் பற்றியும் பேசினார்கள். ஆண்கள் தம் ஐயங்களை எழுந்து நின்று கேட்டார்கள். தலைவரும் பெரியவர்களும் சபையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்ததே ஒருவகை ஒப்புதலாக அமைந்தது. வீட்டில் பூசல் எழுந்தபோது பேசித் தீர்க்க ஊர்க்குழுவும் தன்னார்வலரும் இருந்தார்கள். மேலும், இடைவெளி என்ற கருத்து அங்கே புதிதல்ல. குழந்தை பால் குடிக்கும் காலம் முழுவதும், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ, கணவனும் மனைவியும் விலகியிருப்பது பழைய வழக்கம். அந்த விலகல் காத்துவந்த இடைவெளியை ஊசியும் காக்கும் என்று சொன்னபோது பெரியவர்களுக்கு அது தம் முன்னோரின் நெறிக்குப் புறம்பானதாகத் தோன்றவில்லை.

விளைவு அளவிடக்கூடியதாக இருந்தது. 1997 முதல் 1999 வரையான காலத்தில், செவிலியரும் தன்னார்வலரும் சேர்ந்து இயங்கிய பகுதியில் கருவளம், வழக்கமான சுகாதார நிலையங்கள் மட்டும் இருந்த ஒப்பீட்டுப் பகுதியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தை அளவுக்குக் குறைந்தது. வறுமையும் எழுத்தறிவின்மையும் மிகுந்த ஊர்ப்புற ஆப்பிரிக்காவில், பொருளாதார மாற்றம் வருவதற்கு முன்பே சேவையை ஒழுங்குபடுத்துவதால் மட்டும் கருவளம் குறையாது என்ற வாதத்தை இது அசைத்தது. அதேசமயம் இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. விரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, மாறியது இடைவெளிதான். ஆண்டுகள் செல்லச் செல்ல மற்றப் பகுதிகளிலும் கருத்தடைப் பயன்பாடு கூடியதால், முதலில் காணப்பட்ட வேறுபாடு சுருங்கியது. குழந்தை இறப்பிலும், செவிலியர் மட்டும் இருந்த பகுதியைவிட இருவரும் சேர்ந்த பகுதி மேலான பயன் தந்தது என்று சொல்வதற்கில்லை. ஆக, தன்னார்வலரைச் சேர்ப்பதன் பயன் குழந்தையின் சிகிச்சையில் இல்லை. தாயின் சம்மதத்துக்கு ஊரின் துணையைப் பெற்றுத் தருவதில் இருக்கிறது.

இந்த முடிவைச் சரிபார்க்க நைஜரைப் பார்க்கலாம். அங்கே கிராமச் சுகாதாரக் குடில்களை நிறுவி, ஊதியம் பெறும் ஊழியர்களை அமர்த்தி, மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குச் சிகிச்சை அளித்தார்கள். கொசுவலைகளையும் தடுப்பூசிகளையும் பரவலாகக் கொண்டுசேர்த்தார்கள். 1998இல் ஆயிரத்துக்கு 226 ஆக இருந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 2009இல் 128 ஆகக் குறைந்தது. உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று சாதித்த பெருஞ்செயல் இது. ஆனால் 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 7.6 குழந்தைகள் என்ற அளவிலேயே அந்நாட்டின் கருவளம் இருந்தது. குழந்தைகள் பிழைத்தால் பெற்றோர் தாமாகவே குறைவாகப் பெறுவார்கள் என்ற கூற்று நீண்டகாலத்தில் உண்மையாக இருக்கலாம். ஒரு தலைமுறைப் பெண்களைக் காத்திருக்கச் சொல்ல அது போதுமான காரணமல்ல. நைஜரே இதை உணர்ந்திருக்கிறது என்பதற்கு, 2007இல் சிந்தர் பகுதியில் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவுடன் தொடங்கிய கணவர் பள்ளிகள் சான்று. மணமான ஆண்கள் ஒன்றுகூடி, மனைவியரின் பேறுகால நலத்தையும் பிள்ளை இடைவெளியையும் பற்றித் தமக்குள் பேசி முடிவெடுக்கும் ஏற்பாடு அது. தர்பார் செய்த வேலையை வேறொரு வடிவில் செய்வதாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

கானா 1999இல் நவ்ரோங்கோ முறையைத் தேசியக் கொள்கையாக ஏற்றது. சமூக அடிப்படையிலான சுகாதாரத் திட்டமிடலும் சேவையும் என்ற அந்தத் திட்டம் இன்று நாட்டின் ஆரம்ப சுகாதார அமைப்புக்கே அடித்தளம். ஆனால் விரிவாக்கத்தில் ஒரு பிறழ்வு நேர்ந்தது. ஊர் உழைப்பில் எழுந்த மண்வீட்டின் இடத்தைச் சிமெண்டுக் கட்டடம் பிடித்துக்கொண்டது. கட்டடம் இருந்தால்தான் சேவை என்ற எண்ணம் மாவட்டங்களில் வேரூன்றியது; கட்டடத்துக்குப் பணம் வரும்வரை செவிலியர் பழைய நிலையத்திலேயே இருந்தார். கட்டடம் வந்த இடங்களிலும், வீடு வீடாகச் செல்வதற்குப் பதில் மக்கள் வரட்டும் என்று செவிலியர் உள்ளே காத்திருக்கும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. திறப்பு விழாவுக்கு ஏற்றது கட்டடம். குடும்பத் தலைவர்களோடு அமர்ந்து பேசுவதற்கு அப்படியொரு விழா இல்லை. மிகக் குறைந்த செலவுள்ள பகுதியையே முதலில் கைவிட்டார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அக்ரா பெருநகர்ப் பகுதியில் 2.8 ஆக இருந்த கருவளம் அன்றைய வடக்கு மாகாணத்தில் 6.6 ஆக இருந்ததைப் பார்க்கும்போது, அந்தக் கைவிடலின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது புரியும்.

கருத்தடை முறைகளுக்குள் தெரிவு என்ற அளவில், ஊசிக்கு அடுத்துத் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி கானாவில் பரவியிருக்கிறது. மேற்கையில் வைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பயன் தரும்; எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் விரைவில் திரும்பும்; மழைக்காலத்தில் ஊசி நாளைத் தவறவிடும் கவலை இல்லை. கையால் தொட்டால் தட்டுப்படும் என்பது மறைவை நாடும் பெண்ணுக்குக் குறை. வைப்பதற்குப் பயிற்சி வேண்டும். எடுப்பதற்கு அதைவிடக் கூடுதல் பயிற்சி வேண்டும். எனவே எடுக்கத் தெரிந்தவர் கிராமத்திலேயே இல்லாத இடத்தில் இதை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேண்டும்போது எடுத்துக்கொள்ள முடியாத பெண்ணுக்கு அது தெரிவாக இருப்பதில்லை.

இன்று மேற்கு ஆப்பிரிக்க மாவட்டம் ஒன்றில் இந்த முடிவை எடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு என் பரிந்துரை இது. முதல் பணத்தைச் செவிலியரைக் கிராமத்துக்கு அனுப்பவும், அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் எரிபொருளுக்கும் மருந்து தடையின்றி வருவதற்கும் செலவிட வேண்டும்; கட்டடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, ஊர் தரும் ஒரு வீடு தொடங்கப் போதும். ஊர்க்கூட்டங்களையும் ஆண்களோடு நடத்தும் பேச்சையும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். தன்னார்வலரை மருந்து கொடுக்க விடுவதற்கு முன், அவருக்கு உரிய பயிற்சியும் மேற்பார்வையும் செவிலியரிடமிருந்து கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும். அது முடியாவிட்டால் மருந்துப் பெட்டியைத் தவிர்த்து, கூட்டங்களையும் வீட்டுத் தொடர்பையும் மட்டும் அவரிடம் ஒப்படைக்கலாம்.

அடுத்த பணம் பிரசவத்துக்கும் பிறந்த முதல் நான்கு வாரங்களுக்கும் போக வேண்டும். கானாவின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்கு 40 ஆகக் குறைந்துவிட்டது. அதில் 17 பச்சிளங்குழந்தைகளின் இறப்பு. மலேரியாவையும் வயிற்றுப்போக்கையும் கிராமத்துச் செவிலியர் சமாளித்துவிடுவார். தலை வெளிவராமல் தடைப்பட்ட பிரசவத்தையோ மூச்சுவிடத் திணறும் சிசுவையோ அவரால் தனியே சமாளிக்க முடியாது. 2010க்குப் பின், நவ்ரோங்கோ அமைந்துள்ள அப்பர் ஈஸ்ட் மாகாணத்தில் சில மாவட்டங்களில் செவிலியரின் பயிற்சியோடு, மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவசர ஊர்தியாக்கி, கிராமத்தையும் மருத்துவமனையையும் தொலைபேசியால் இணைத்தார்கள். அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு குறைந்தது. குறுகலான மண்பாதையில் பெரிய ஆம்புலன்ஸ் நுழையாத இடத்துக்கும் அந்த வண்டி போகும். பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். எரிபொருளுக்கான பணத்தை மட்டும் மாவட்டத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும்.